இருட்டும்வரை குடும்பப் பூங்கா

அன்புள்ள அக்காவுக்கு,

கலிபோர்னியாவில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக உங்களை வாசித்து வந்தாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 6. பகல் முழுக்க ராட்டினம், ரயில் என்று நன்றாகத்தான் போனது. பொழுது சாய்ந்ததும் திடீரென்று விளக்குகள் சிவப்பாகின, தரையெல்லாம் புகை. முகத்தில் தையல் போட்ட ஒருவர் செயின்சாவை உறுமவிட்டுக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். ஹாலோவீன் நிகழ்ச்சி என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அது தனியாக எங்கோ ஒரு மூலையில் நடக்கும் என்று நினைத்திருந்தோம். வெளியே போகும் பாதையே அதன் நடுவில்தான் இருந்தது. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் கண்களை மூடியபடி ஓடி வந்தோம். மூன்று வாரங்களாக அவன் தனியாகக் குளியலறைக்குக்கூடப் போவதில்லை.

குடும்பங்கள் வருகிற இடத்தில் இதையெல்லாம் நடத்தவே கூடாது என்கிறாள் என் மனைவி. மகளோ, அடுத்த வாரம் தோழிகளோடு அதே நிகழ்ச்சிக்குப் போக அனுமதி கேட்கிறாள். எனக்கு இருவர் சொல்வதும் சரி என்றே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அது நிஜமில்லைடா, வேஷம்" என்று அவனிடம் பலமுறை சொல்லியிருப்பீர்கள். அது எடுபட்டிருக்காது. அவன் பிடிவாதக்காரன் என்பதால் அல்ல, அந்த வயது அப்படி. குழந்தைகளின் திரைப்பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர் காட்டிய முக்கியமான விஷயம் இது: ஏறத்தாழ ஏழு வயதுவரை, ஒன்று எப்படித் தோன்றுகிறதோ அதை வைத்தே குழந்தை பயப்படுகிறது. கோரமாக இருந்தால் அது ஆபத்து, அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகள் நேர்மாறு. நடக்கக்கூடியதா என்று யோசித்து, நடக்கும் என்று பட்டால் பயப்படுவார்கள். அதனால் பெரிய பிள்ளைக்கு விளக்கம் உதவும். சின்னப் பிள்ளைக்கு விளக்கத்தைவிட மடி உதவும், கைப்பிடி உதவும், பயந்த பொருளைப் பகல் வெளிச்சத்தில் சிறிது சிறிதாகத் தொட்டுப் பார்ப்பது உதவும். ஒரு முகமூடி வாங்கி மேசைமேல் வையுங்கள். அவனாக எடுக்கும்வரை விடுங்கள். முதலில் உங்கள் முகத்தில் அவன் போட்டுப் பார்க்கட்டும். குளியலறைக்குத் துணை கேட்டால் போங்கள். "இன்னுமா பயம்?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். மாதம் தாண்டியும் தூக்கமும் பள்ளியும் கெட்டால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நடத்தலாம் என்பதே என் பதில். உங்கள் மனைவியின் கோபம் முழுக்க நியாயமானது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன். அவர் கோபப்பட வேண்டியது பயத்தின்மேல் அல்ல என்பதுதான் என் வாதம்.

குடும்பப் பூங்கா என்றால் பயமே இல்லாத இடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை. டிஸ்னிலேண்ட் 1955-இல் திறந்தபோதே அதில் ஸ்நோ ஒயிட் சவாரி இருந்தது. இருட்டில் சூனியக்காரி பாய்ந்து வருவாள். இனிமையான கதை என்று நம்பி ஏறிய குழந்தைகள் அழுதுகொண்டு இறங்கினார்கள். 1983-இல் அதைப் புதுப்பித்தபோது பெயரிலேயே 'பயங்கர' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள். ஏறும் முன்பே தெரிந்துகொள்ளட்டும் என்று பெயருக்குள்ளேயே எச்சரிக்கையை வைத்தது எனக்கு மரியாதையான செயலாகத் தோன்றுகிறது.

பயத்தைக் குடும்பத்துக்கு எப்படிப் பரிமாறுவது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டிஸ்னிலேண்டில் உள்ள ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுச் சவாரி. வீட்டின் வெளிப்புறம் 1963-இலேயே எழுந்துவிட்டது. கதவு திறந்தது 1969-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை வடிவமைத்தவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். கிளாட் கோட்ஸ் அது திகிலாக இருக்க வேண்டும் என்றார், மார்க் டேவிஸ் வேடிக்கையாக இருக்க வேண்டும் என்றார். கடைசியில் இரண்டுமே நின்றன. முடிவில்லாத தாழ்வாரம், மூச்சுவிடுவது போல் உப்பும் கதவுகள் என்று முதல் பாதி நெஞ்சை அழுத்தும். பிறகு பேய்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பிக்கும். பார்த்தால் அவை நடனமாடுகின்றன, விருந்துண்கின்றன, கல்லறைத் தோட்டத்தில் பாட்டுப் பாடுகின்றன. 999 பேய்கள் குடியிருப்பதாகச் சொல்லப்படும் அந்த வீட்டில் ஒன்றுகூட உங்கள் பாதையை மறித்து நிற்காது. குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும், தானும் ஒரு பேயைப் பார்த்துவிட்டேன் என்ற பெருமையோடு வெளியே வரும். அந்தப் பெருமையைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பார்த்தது வேறு வகை. அதன் வரலாறு 1973-இல் தொடங்குகிறது. உங்கள் மாநிலத்தில், பியூனா பார்க்கில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம், அதாவது ஒரு குடும்பத்தின் பழப்பண்ணையிலிருந்து வளர்ந்த பூங்கா, அந்த அக்டோபரில் மூன்று இரவுகள் மட்டும் தன்னிடமிருந்த 'பேய் நகரத்தில்' முகமூடி மனிதர்களை உலவவிட்டது. கூட்டம் திரண்டது. யூனிவர்சல் நிறுவனம் 1991-இல் ஃபுளோரிடாவில் இதேபோல் தொடங்கி, மறு ஆண்டு 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' என்று பெயரிட்டது. 2002-இல் இங்கிலாந்தின் தோர்ப் பார்க், 2011-இல் சிங்கப்பூர் என்று இது பரவியது. காரணம் எளியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் பூங்காக்கள் வெறிச்சோடும். காலியாகக் கிடந்த அக்டோபரை இந்த இரவுகள் நிரப்பின. வியாபாரம்தான். ஆனால் வியாபாரம் என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. அங்கே ஒப்பனைக் கலைஞர்கள் இருக்கிறார்கள், அரங்கம் அமைப்பவர்கள் இருக்கிறார்கள், முழங்காலில் கவசம் கட்டிக்கொண்டு தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கி வரப் பழகிய நடிகர்கள் இருக்கிறார்கள். அது ஒரு தொழில்திறன். அதற்கு விசில் அடிக்க விரும்புகிறவர்களும் மனிதர்களே.

உங்கள் மகளைப் போன்றவர்கள் அங்கே எதைத் தேடுகிறார்கள் என்பதற்கு டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு கொஞ்சம் விடை சொல்கிறது. ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத்துடிப்பு மானி மாட்டி அனுப்பினார்கள். ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பயம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை, மிக அதிகமானாலும் இன்பமில்லை, நடுவில் ஓர் அளவில்தான் இன்பம் உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவில் மார்கி கெர் குழுவினர் செய்த இன்னோர் ஆய்வில், மிகத் தீவிரமான பேய் வீட்டிலிருந்து வெளியே வந்தவர்களில் பலருக்கு, குறிப்பாகச் சோர்வோடு உள்ளே போனவர்களுக்கு, மனநிலை முன்பைவிட நன்றாக இருந்தது. இந்த ஆய்வுகளைக் காட்டி 'பயம் நல்லது' என்று விளம்பரம் செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் எல்லோரும் தாங்களாகவே அந்த வாசலைத் தேடி வந்தவர்கள். எவ்வளவு பயம் தனக்குத் தாங்கும் என்ற கணக்கு ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. உங்கள் பையன் எந்த வாசலையும் தேடிப் போகவில்லை. அவன் ராட்டினம் சுற்றப் போனான்.

என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான் நிற்கிறது. பயத்துக்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை நாமாகத் தாண்ட வேண்டும், தாண்டிய பிறகும் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும்.

ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1995-ஆம் ஆண்டு நடந்தவற்றைப் பாருங்கள். அந்த ஆண்டுதான் 'அவ்வளவு பயமில்லாத ஹாலோவீன் விருந்து' என்று பெயரிலேயே உறுதி கொடுத்து மிக்கியின் இரவு விருந்தைத் தொடங்கினார்கள். தனி டிக்கெட், தனி நேரம், வேடமிட்ட குழந்தைகளுக்கு மிட்டாய். இன்றும் நடக்கிறது. அதே ஆண்டில் அதே பூங்காவுக்குள் ஏலியன் என்கவுன்டர் என்ற ஒன்றும் திறந்தது. இருக்கையில் உட்கார வைத்துத் தோளை அழுத்தும் கட்டையைப் பூட்டுவார்கள். பிறகு கும்மிருட்டு. கூண்டிலிருந்து தப்பிய வேற்றுக்கிரக மிருகம் உங்கள் பின்கழுத்தில் மூச்சுவிடும். வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்கத்தான் செய்தது. இருந்தும் குழந்தைகள் அலறினார்கள், பெற்றோர் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். 2003-இல் மூடிவிட்டார்கள்.

பலகை ஏன் போதவில்லை? பக்கத்தில் தேவதைக் கோட்டை நிற்கும்போது யாரும் பலகையைப் படிப்பதில்லை. இந்த இடம் என் குழந்தைக்கானது என்ற நம்பிக்கையோடுதான் அங்கே நடக்கிறார்கள். அந்த நம்பிக்கையை விற்றுத்தான் குடும்பப் பூங்கா பிழைக்கிறது. டிக்கெட் வாங்கும்போது அதைக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பறித்துக்கொண்டால் அது வாக்குத் தவறுவதுதான். இருட்டில் அந்தக் கட்டையைத் தள்ளிவிட்டு ஒரு குழந்தையால் எழுந்து போக முடியாது. நீங்கள் வெளியே போகும் பாதை புகைக்கு நடுவில் இருந்ததும் அதே கொடுமைதான்.

யூனிவர்சலில் அந்த இரவுகளில் பூங்காவை மாலையில் மூடி, பகல் கூட்டத்தை வெளியேற்றி, பிறகு தனி டிக்கெட்டுக்குத் திறக்கிறார்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று அறிவிக்கவும் செய்கிறார்கள். பரிந்துரைதான், தடை அல்ல. ஆனால் வாசல் ஒன்று இருக்கிறது. வேறு பல பூங்காக்களில் பகல் டிக்கெட்டே இரவுக்கும் செல்லும். மணி அடித்தாற்போல் நடைபாதைகள் மாறிவிடும். சீசன் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது லாபம்தான், தனி டிக்கெட் என்றால் சிலரால் வாங்க முடியாமல் போகும் என்பதும் உண்மை. இருந்தாலும் அந்தச் சலுகைக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் விலை கொடுக்கக் கூடாது. தனி டிக்கெட் முடியாது என்றால், பயமுறுத்தும் பகுதியை ஒரு மூலையில் ஒதுக்கி, வேலி போட்டு, வெளியேறும் பாதையை அதைத் தொடாமல் வைக்கட்டும். 'என்னைப் பயமுறுத்தாதே' என்று காட்டும் ஒளிரும் மாலையைச் சில இடங்களில் காசுக்கு விற்கிறார்கள். பயப்படாமல் இருக்கக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதை வைத்துப் பயமுறுத்துகிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம். பேய், ரத்தக்காட்டேரி, உயிர்பெற்ற பிணம் யாரையும் புண்படுத்தாது. மனநோயாளியை அரக்கனாக நிறுத்தினால் புண்படும். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 2016-இல் ஒரு மனநல மருத்துவமனையைக் களமாக வைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கி, அதன் பெயரில் 5150 என்ற எண்ணைச் சேர்த்தது. மனநெருக்கடியில் இருப்பவரை அவர் சம்மதமின்றி மருத்துவக் காவலில் வைக்கும் கலிபோர்னியச் சட்டப்பிரிவின் எண் அது. தங்கள் பிள்ளையை அந்தப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு அழுத பெற்றோர் அதே மாநிலத்தில் வாழ்கிறார்கள். எதிர்ப்பு வந்ததும் மூடிவிட்டார்கள், நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவின் பேய்க் கோட்டை 1984 மே 11 அன்று தீப்பிடித்ததில் எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் நுரைப்பஞ்சு இருந்தது, தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. அதன் பிறகுதான் இத்தகைய கட்டடங்களுக்கான விதிகள் இறுகின. மகள் உள்ளே போகும் முன் வெளியேறும் வழிகள் எங்கே என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆம், அவளை அனுப்புங்கள். அவளாக விரும்பிக் கேட்கிறாள், என்னவென்று பார்த்துவிட்டே கேட்கிறாள். துணைக்கு ஒரு பெரியவர் போகட்டும். பதின்வயதினர் கூட்டமாக வந்து சண்டையிட்ட சம்பவங்களுக்குப் பிறகு பல பூங்காக்கள் அதை விதியாகவே வைத்திருக்கின்றன. பாதியில் திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யக் கூடாது என்று தோழிகளிடமும் சொல்லி அனுப்புங்கள். தம்பியிடம் போய் அந்தக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன் என்று அவளும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்.

நீங்களும் மனைவியும் சேர்ந்து பூங்கா நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி அல்ல. எத்தனை மணிக்குப் பூங்கா மாறுகிறது என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள், அரைமணி நேரம் முன்பு அறிவியுங்கள், குழந்தைகளோடு வெளியேற வேறு பாதை கொடுங்கள் என்று எழுதுங்கள். அன்று நின்ற இடம், நேரம், மகன் என்ன ஆனான் என்பதையெல்லாம் நேரில் பார்த்தபடியே குறிப்பிடுங்கள். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை எனக்கும் தெரிவியுங்கள். பையன் அந்த முகமூடியைக் கையில் எடுத்தானா என்பதையும்.

அன்புடன்,
அக்கா