சக எழுத்தாளரிடம் கதையைச் சொல்லலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் துப்பறியும் நாவல்களைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அண்மையில் ஒரு நேர்காணலில், எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் சிக்கல்களைச் சக குற்றப்புனைவு எழுத்தாளர்களிடம் மனம்விட்டுப் பேசுவது உங்கள் வழக்கம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது வியப்பாக இருந்தது. இவ்வகை எழுத்தில் ரகசியம்தானே முதல்? அதைப் போட்டியாளரிடமே சொன்னால் கரு களவு போய்விடாதா? எழுத்து தனிமையில் நிகழ்வது என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். இத்தனை பேச்சு அந்தத் தனிமையைக் குலைத்துவிடாதா? நான் என் முதல் நாவலைப் பாதி எழுதி முடித்திருக்கிறேன். அதை யாரிடமாவது காட்டலாமா, காட்டுவதென்றால் எப்போது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குற்றப்புனைவு எழுதுபவரால் தன் நாவலை ஒரு வாசகராக ஒருபோதும் வாசிக்க முடியாது. பிற நாவலாசிரியர்கள் கைப்பிரதியைச் சில மாதங்கள் மூடிவைத்துவிட்டு எடுத்தால், அதை ஓரளவு புதுக்கண்ணோடு பார்த்துவிடலாம். சொற்கள் மறந்திருக்கும், காட்சிகளின் வரிசைகூட மங்கியிருக்கும். ஆனால் கொலை செய்தவர் யார் என்பது எத்தனை மாதம் கழித்தும் மறப்பதில்லை. அதை அறிந்துகொண்டே வாசிப்பவருக்கு, மூன்றாம் அத்தியாயத்தில் வைத்த தடயம் கண்ணில் படுமா படாதா, சந்தேகம் தவறான ஆளின்மேல் போகுமா போகாதா என்று கணிக்க வழியே இல்லை. என் மேசையில் எப்போதும் ஒரு பெரிய தாள் விரிந்திருக்கும். அதன் இடப்பக்கத்தில் குற்றம் உண்மையில் எப்படி நடந்தது என்பதை மணிவாரியாக எழுதியிருப்பேன்; வலப்பக்கத்தில் அந்த உண்மையின் எந்தத் துண்டு எந்தப் பக்கத்தில் வாசகருக்குக் கிடைக்கிறது என்று குறித்திருப்பேன். இடப்பக்கத்தை நான் தனியாகவே எழுதிவிடுவேன். வலப்பக்கம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் சக குற்றப்புனைவு எழுத்தாளராக இருப்பது ஏன் நல்லது என்றால், அவருக்குக் கதையின் எலும்புக்கூட்டைப் பார்த்தாலே போதும். வீட்டிலுள்ளவர்களிடமோ நண்பர்களிடமோ கதைச்சுருக்கத்தைச் சொன்னால் அவர்கள் பாத்திரங்களைப் பற்றிக் கேட்பார்கள், அல்லது அன்பினால் பாராட்டிவிடுவார்கள். இத்தொழிலில் இருப்பவர் நேராக மூட்டுகளைத் தட்டிப் பார்ப்பார். ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்த நாவல் வேறு வடிவத்தில் வெளிவந்துவிட்டது என்பதாலும், எழுதியவர் இசைவு தந்திருப்பதாலும், அடையாளங்களை மாற்றிச் சொல்வதில் தவறில்லை.

என் தோழியான எழுத்தாளர் ஒருவர், நஞ்சு தொடர்பான ஓர் ஐயத்தோடு வந்திருந்தார். அவருடைய கதையில், புத்தகங்களுக்கு பைண்டிங் செய்யும் முதியவர் ஒருவர் தன் பட்டறையில் இறந்துகிடக்கிறார். கொன்றவன் அவரிடம் தொழில் கற்ற பழைய மாணவன். பத்தாண்டுகளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரவு பதினொரு மணிக்கு அவன் வந்து கதவைத் தட்டுகிறான். நஞ்சை எதில் கலப்பது என்பதுதான் தோழியின் கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்லாமல், “பத்தாண்டுப் பகை இருக்கும்போது, அந்த நேரத்தில் அவர் ஏன் கதவைத் திறந்தார்?” என்று கேட்டேன். இருட்டில் முகம் தெரியவில்லை, குரல் மறந்துவிட்டது என்று அவர் சில காரணங்களைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அவை பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். முதியவரே அவனுக்குக் கடிதம் எழுதி வரச்சொல்லியிருந்தார் என்று கதை மாறியிருந்தது. கடிதத்தைக் கொலையாளி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆனால் எப்போதும் காகிதக் கட்டுகள் குவிந்துகிடக்கும் இரண்டாவது நாற்காலி அன்று காலியாக, துடைத்து வைக்கப்பட்டிருந்ததை விசாரணை அதிகாரி கவனிக்கிறார். யாரோ வருவார் என்று எதிர்பார்த்துத்தான் அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். அந்த நாற்காலி என் யோசனை அன்று. நான் கேட்டது ஒரு கேள்வி மட்டுமே. நாற்காலியைக் கண்டுபிடித்தவர் அவர். பழிவாங்கும் கதையாக இருந்தது, அந்த ஒரு பொருளால், சமாதானத்துக்கு அழைத்தவரைக் கொன்றுவிட்ட கதையாகிவிட்டது.

களவு பற்றிய உங்கள் அச்சம் பழையது. லண்டனில் 1930-இல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. வாசகரிடமிருந்து முக்கியமான தடயத்தை மறைக்க மாட்டேன், அறிவியல் அறியாத மர்ம நஞ்சுகளைப் பயன்படுத்த மாட்டேன் என்பவற்றோடு, வெளியீட்டுக்கு முன் சக உறுப்பினர் சொன்ன கதைச்சூழ்ச்சியைத் திருடவோ வெளியிடவோ மாட்டேன் என்பதும் அதில் இருந்தது. விளையாட்டும் சடங்கும் கலந்த உறுதிமொழிதான் அது. ஆனாலும், எழுத்தாளர்கள் எழுதி முடிக்காத கதைகளைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பேசியது வெளியே போகாது என்று நம்ப விரும்பினார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அதைவிட முக்கியமாக, கரு என்பது நாம் நினைக்கும் அளவுக்கு அரிதான பொருளன்று. அகதா கிறிஸ்டியின் மிகப் புகழ்பெற்ற நாவல்களுள் ஒன்றின் மையத் தந்திரத்தை இரண்டு பேர் தனித்தனியே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்: ஒருவர் அவருடைய அக்காவின் கணவர், மற்றவர் பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டன். (நாவலின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை, இன்னும் வாசிக்காதவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை.) யோசனை இருவர் கையில் இருந்தது. அதை ஒவ்வொரு வாக்கியத்திலும் நேர்மையாகவும் அதே சமயம் மறைவாகவும் நிறுத்திக்காட்ட ஒருவரால்தான் முடிந்தது. நம் கருவை வேறொருவர் எடுத்துக்கொண்டாலும் அவர் எழுதப்போவது அவருடைய நாவலைத்தான். இதனால் எச்சரிக்கை தேவையில்லை என்று பொருளாகாது. முன்பின் தெரியாதவர்களிடமும், கேட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் இயல்புடையவர்களிடமும் நான் எதையும் சொல்வதில்லை. பேச்சுத்துணையைத் தேர்ந்தெடுக்க ஆண்டுகள் ஆகும்; ஆகட்டும்.

இந்தப் பேச்சுகளில் பெரும்பகுதி கதையைப் பற்றியதே அன்று, தொழில்நுணுக்கம் பற்றியது. 1958-இல் பிபிசி வானொலியில் அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரும் ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கும் உரையாடியபோது, கூலிக்கொலை எப்படி ஏற்பாடு செய்யப்படுகிறது என்று ஃப்ளெமிங் கேட்க, வெளியூரிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்படுவது முதல் சாண்ட்லர் நிதானமாக விளக்கினார். இரண்டு கைவினைஞர்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் தொனி அது. எங்கள் பேச்சும் அப்படித்தான் இருக்கும். தொழிலால் மருத்துவரான சக எழுத்தாளர் ஒருவரிடமிருந்துதான் மரண விறைப்பைப் பற்றி நான் ஒழுங்காகக் கற்றேன். இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் கண்ணிமைகளிலும் தாடையிலும் அது தெரியத் தொடங்கும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவும். பின்னர் மெல்லத் தளரும். வெப்பம் கூடினால் எல்லாமே விரைவுபடும், குளிரில் தாமதமாகும். “உங்கள் நாவலில் மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொன்னால், அவர் மருத்துவரே அல்லர்” என்பது அவர் எனக்குச் சொன்னது. அந்த நிச்சயமின்மை எனக்குத் தடையாக இல்லை. இறந்த நேரம் சில மணி நேர இடைவெளியாகவே நின்றுவிடும்போது, அந்த இடைவெளிக்குள் எத்தனை பேருடைய சாட்சியத்தை வைத்து விளையாடலாம் என்பது எழுதத் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

தனிமை பற்றிக் கேட்டீர்கள். பேச்சு தீர்த்துவைப்பது கதைப்பின்னலின் சிக்கலை மட்டுமே. வாக்கியத்தை யாரும் நமக்காக எழுதித்தர முடியாது. எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதிய ஃபிரெட்ரிக் டானே, மான்ஃபிரெட் லீ ஆகிய இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பெரும்பாலும் ஒருவர் கதைப்பின்னலை விரிவாக வகுப்பார், மற்றவர் அதை நாவலாக எழுதுவார். பல பதிற்றாண்டுகள் நீடித்த அந்தக் கூட்டில் அவர்கள் எத்தனை கடுமையாகச் சண்டையிட்டார்கள் என்பதை அவர்களுடைய கடிதங்கள் காட்டுகின்றன. ஒருவர் கற்பனை செய்த மனிதனுக்கு இன்னொருவர் உயிர் கொடுக்க வேண்டியிருந்ததில் அந்தச் சண்டையின் வேதனை இருந்தது என்று நான் நினைக்கிறேன். அதனால் காலையில் எழுதும் நேரத்தில் நான் யாரிடமும் பேசுவதில்லை. அன்று எழுதப்போகும் காட்சியைப் பற்றி முந்தைய நாளும் பேசுவதில்லை. வாயால் ஒருமுறை நன்றாகச் சொல்லிவிட்ட காட்சி தாளில் வரும்போது களைத்துப்போயிருக்கும். சிக்கலைச் சொல்லலாம், காட்சியைச் சொல்லக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

இனி உங்கள் நாவலுக்கு வருகிறேன். பாதியில் காட்டாதீர்கள். பாதி நாவலை வாசிப்பவர் மீதிக்குத் தன் யோசனைகளைத் தருவார். முதல் நாவல் எழுதுபவருக்கு அவற்றை மறுக்கும் உறுதி பெரும்பாலும் இருக்காது. முதல் வரைவை எப்படியாவது முடித்துவிடுங்கள்.

அதன்பிறகு காட்டும் முறைக்கு, மேலே சொன்ன அதே கிளப்பின் உறுப்பினர்கள் 1931-இல் ஆளுக்கோர் அத்தியாயமாகச் சேர்ந்து எழுதிய நாவலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தெளிவான ஒரு தீர்வை மனத்தில் வைத்தே எழுத வேண்டும், முன்னவர் விட்டுச்சென்ற சிக்கல் எதையும் கைவிடக் கூடாது என்பவை அவர்கள் வைத்துக்கொண்ட விதிகள். முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதியவர்கள் தவிர மற்றவர்கள் தம் அத்தியாயத்தோடு தாம் நினைத்த தீர்வையும் எழுதிக் கொடுத்தார்கள். அவை நூலின் பின்னிணைப்பில் இருக்கின்றன. ஒரே தடயங்களிலிருந்து எத்தனை வெவ்வேறு முடிவுகளுக்குப் போக முடிகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

நீங்களும் நம்பகமான மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவராவது இவ்வகை நாவல்களை விடாமல் வாசிப்பவராக இருக்கட்டும். கைப்பிரதியின் முக்கால் பங்கை மட்டும் கொடுங்கள். யார் செய்தது, எதனால் அப்படி நினைக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் சந்தேகம் தொடங்கியது என்ற மூன்றையும் எழுதித் தரச்சொல்லுங்கள். பேசி விளக்க விடாதீர்கள், நீங்களும் விளக்காதீர்கள். எல்லோரும் சரியாகக் கண்டுபிடித்திருந்தால் தடயங்கள் உரக்கப் பேசுகின்றன. ஒருவருமே அந்த ஆளை நினைத்துப் பார்க்கவில்லை என்றால், மகிழ வேண்டாம், உங்கள் தடயங்கள் பெரும்பாலும் தாளில் இல்லாமல் உங்கள் மனத்திலேயே தங்கிவிட்டன. இருவர் தவறான ஒரே ஆளைச் சொல்லியிருந்தால், அவர்கள் காட்டும் காரணங்களைக் கவனமாகப் படியுங்கள். சில சமயம் அது நீங்கள் வைத்திருக்கும் முடிவைவிட நல்ல முடிவாக இருக்கும். அவர்களுடைய தாள்கள் கைக்கு வந்தபிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.