கற்பூரவள்ளிய தொட்டாலே மணக்குது, கறிவேப்பிலைய கிள்ளினாதான் மணக்குது, ஏன்?

வாசனை எண்ணெய் எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். கற்பூரவள்ளி, துளசி, புதினா மூணும் ஒரே குடும்பம், இதுங்களுக்கு இலை மேலயே குட்டிகுட்டி முடி மாதிரி சுரப்பிங்க இருக்கும், அதோட நுனியில எண்ணெய் நிக்கும், விரல் பட்டாலே உடைஞ்சிடும்.

கறிவேப்பிலை எலுமிச்சை குடும்பம்ங்க (வில்வமும் அதே சொந்தம்தான்). அதுல எண்ணெய்ப் பை இலைக்கு உள்ள புதைஞ்சிருக்கும். ஒரு இலைய வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, ஊசியால குத்தின மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும், அதுதான் அந்தப் பை, கிள்ளினா உடையும், சூடான எண்ணெய்ல போட்டாலும் உடைஞ்சு வாசனை தாளிப்புல இறங்கிடும்.

கற்பூரவள்ளிக்கு ஓமவல்லின்னு பேர் வந்தது சும்மா இல்ல, அதுல கார்வக்ரால், தைமால்னு ரெண்டு வாசனைப் பொருள் இருக்கு, அந்த தைமால்தான் ஓமத்துக்கும் மெயின் வாசனை. துளசிய மென்னா கிராம்பு ஞாபகம் வருதா? ரெண்டுலயும் யூஜினால்ங்கிற வாசனைப் பொருள் இருக்கு.

இதெல்லாம் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு, அதான் காய வெச்ச கறிவேப்பிலை பாதி செத்த மாதிரி இருக்கும், நான் வாங்கறதே இல்ல. செடி இத நமக்காக ஒண்ணும் செய்யல, பூச்சி கடிக்காம இருக்கத்தான்.