மெயிலை ‘புட்’ பண்ணலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் வழியில் பி.காம். படித்தவள். ஜெர்மனி, இங்கிலாந்து பையர்களுக்கு மெயில் எழுத வேண்டும், போனிலும் பேச வேண்டும். டூ, மேக், டேக், கிவ், கெட் இவற்றில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். ஒரு பயிற்சி மையத்தில் 500 வினைச்சொற்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். கட்டணம் 28,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். நான் எழுதிய ஒரு மெயிலை அங்கே காட்டினேன். ‘டேக் எ டிசிஷன்’ தப்பு என்று அடித்துவிட்டார்கள். ‘டிட் நாட் ரிசீவ்ட்’ சரியா என்பதிலும் குழப்பம். அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். கோர்ஸில் சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். 500 வினைகளும் வேண்டாம். காரணத்தை உங்கள் மெயிலே சொல்கிறது.

‘வி ஆஸ்க் சாரி ஃபார் லேட். யெஸ்டர்டே ஐ புட் மெயில். ஐ வில் டெல் டு மை மேனேஜர் அண்ட் டேக் எ டிசிஷன்.’ இதில் காலம் சரியாக இருக்கிறது, எழுவாயும் சரியாக இருக்கிறது. இடறியது வினையில்தான். நாம் மன்னிப்புக் ‘கேட்கிறோம்’, மெயில் ‘போடுகிறோம்’, மேனேஜரிடம் ‘சொல்கிறோம்’. ஆஸ்க் என்றால் கேள், புட் என்றால் போடு, டெல் என்றால் சொல் என்று பள்ளி நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து எழுதியது மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பையருக்கு எழுதும்போது தமிழ் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்துகிறீர்கள்.

தமிழில் ‘போடு’ செய்யாத வேலை இல்லை. சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் சட்டைக்குப் புட் ஆன் பொருந்தும். டீக்கு மேக், கையெழுத்துக்கு சைன், ஊசிக்கு கிவ், சண்டைக்கு ஃபைட். மெயிலுக்கு செண்ட். ‘கேள்’ சங்கதியும் இதேதான். விலை கேட்பது ஆஸ்க், பாட்டுக் கேட்பது லிசன் டு, சத்தம் காதில் விழுவது ஹியர், மன்னிப்புக் கேட்பது அபாலஜைஸ். மெயிலில் ‘சாரி ஃபார் தி டிலே’ என்று மூன்று நான்கு வார்த்தையில் முடித்துவிடலாம், வினையே தேவையில்லை. ‘டெல்’ வந்தால் அதன் பின்னால் ‘டு’ போடாதீர்கள், நேராக ஆளைச் சொல்லுங்கள்: ‘ஐ வில் டெல் மை மேனேஜர்’.

ஆகவே, வினையைத் தனியாகப் படிக்காதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேர்ந்து வருகிறது என்று ஜோடியாகப் படியுங்கள். உங்கள் வேலைக்கு இப்படி ஐம்பது அறுபது ஜோடி இருந்தால் தாராளம்.

‘பண்ணு’ வரும் இடத்தில் டூவா மேக்கா என்பதுதான் எல்லோருக்கும் தலைவலி. முன்னால் இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் மேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்டேக், பிளான், சேஞ்ச், பேமெண்ட், கம்ப்ளெயின்ட் எல்லாம் அந்தப் பக்கம். இருக்கிற வேலையைச் செய்து முடித்தால் டூ. ஹோம்வொர்க், ஜாப், அக்கவுண்ட்ஸ், ஒருவருக்குச் செய்யும் ஃபேவர் இந்தப் பக்கம். இப்போதைக்கு இது போதும்.

கெட் விஷயத்தில் நம் ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ‘ஆகு’, ‘கிடை’, ‘வந்து சேர்’ என்ற மூன்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். லேட் ஆயிடுச்சு என்பதற்கு ‘இட் காட் லேட்’. வேலை கிடைத்தது என்பதற்கு ‘ஐ காட் எ ஜாப்’. வீடு வந்து சேர்ந்தேன் என்பதற்கு ‘ஐ காட் ஹோம்’. டாக்டர் ஆனார், மேனேஜர் ஆனார் என்பதுபோல் ‘ஆகு’வோடு பெயர்ச்சொல் வந்தால் பிகேம்.

இனி அந்த அடித்த வரி. ‘டேக் எ டிசிஷன்’ தப்பே இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டேக்’ வரும், ‘மேக்’ வரும், இரண்டையும் எழுதுவார்கள். அமெரிக்கர்கள்தான் ‘மேக்’ பக்கமே நிற்பவர்கள். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள், அரசு உத்தரவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் எதைப் புரட்டினாலும் டேக் எ டிசிஷன் சர்வ சாதாரணமாகக் கிடக்கிறது. உங்கள் இங்கிலாந்து பையர் அதைப் படித்து ஒரு நொடிகூட நிற்க மாட்டார். நாளைக்கு அமெரிக்க பையர் வந்தால் மேக் என்று மாற்றி எழுதுங்கள், மறந்துபோனாலும் குடி முழுகாது. ஆனால் இந்தச் சலுகை எல்லாச் சொல்லுக்கும் கிடையாது. அதை நம்பி ‘டேக் எ மிஸ்டேக்’ என்று போய்விடக் கூடாது. ‘கால்’ என்ற சொல்லில் இன்னும் உஷார் வேண்டும். மேக் எ கால் என்றால் நாம் போன் செய்வது, டேக் எ கால் என்றால் வந்த போனை எடுத்துப் பேசுவது. நம் ஆபீஸ்களிலோ முடிவெடுப்பதையே ‘வி வில் டேக் எ கால்’ என்கிறார்கள். இந்தியாவுக்குள் அது எடுபடும். வெளிநாட்டு பையர், யாரோ போனில் பேசப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவரிடம் டிசிஷன் என்றே எழுதுங்கள். சரியான ஒன்றை அடித்து, ஆஸ்க் சாரியை அப்படியே விட்டுவிட்ட ஒருவரிடம் 28,000 ரூபாய் கொடுத்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மையங்கள் முளைப்பதற்கு நம் பள்ளிக்கூடம்தான் காரணம். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிக்கிறோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுகிறோம், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுகிறோம், கோ வெண்ட் கான் என்று ஒப்பிக்கிறோம். பொதுத்தேர்வு மூன்று மணி நேரமும் எழுத்துத்தான். ஒரு பிள்ளை வாயைத் திறந்து ‘மே ஐ மேக் எ கால்?’ என்று கேட்டுப் பார்க்க அங்கே இடமே கிடையாது. எத்தனை முறை பாடத்திட்டம் மாறினாலும் இது மாறவில்லை. அந்த ஓட்டையில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

அந்தத் தவணையைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள். பல இடங்களில் தவணை என்பது மையத்துக்குக் கட்டுவது இல்லை, வேறொரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பான், ஆதார் வாங்குவார்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்பார்கள், ‘சும்மா ரெஜிஸ்ட்ரேஷன்’ என்பார்கள். முழுப் பணமும் நேராக மையத்துக்குப் போய்விடும். பத்து நாளில் வகுப்புப் பிடிக்காமல் நின்றாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஓ.டி.பி. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களை யாராவது அங்கே அனுப்பி வைத்திருந்தால், தெரிந்தவராகவே இருந்தாலும், அவருக்குக் கமிஷன் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சுவரில் மாட்டும் சர்டிபிகேட்டை எந்த எச்.ஆரும் பார்ப்பதில்லை. எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்லித்தான் எடுக்கிறார்கள்.

எப்படியும் ஒரு வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அதில் மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் மட்டுமே பேசினால் வந்த வழியே திரும்புங்கள்.

உங்களுக்கு நல்ல பாடப்புத்தகம் உங்கள் இன்பாக்ஸில் இருக்கிறது. இங்கிலாந்து பையரின் பழைய மெயில்களைத் திறந்து, ஆர்டர், சாம்பிள், ஷிப்மெண்ட், இன்வாய்ஸ் என்ற சொற்களுக்கு முன்னால் என்ன வினை வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ப்ளேஸ் அன் ஆர்டர், அப்ரூவ் தி சாம்பிள், மீட் தி டெட்லைன் என்று ஒரே வாரத்தில் பக்கம் நிரம்பும். பக்கத்திலேயே உங்கள் வேலையை வைத்து ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜெர்மன் பையரின் மெயிலை மட்டும் அப்படியே பின்பற்ற வேண்டாம். அவருக்கும் ஆங்கிலம் கற்ற மொழிதான். ஜெர்மனில் போட்டோ ‘செய்வார்கள்’, அதனால் அங்கிருந்து ‘மேக் எ போட்டோ’ என்று வருவதுண்டு. ஆங்கிலத்தில் அது டேக். நம்மைப் போலவே தாய்மொழியை வைத்து எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்ற தைரியமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுமே மொழி கற்பவர்களுக்கான அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ‘கம்ப்ளெயின்ட்’ என்று தட்டினால் மேக் எ கம்ப்ளெயின்ட் என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு வரும். காதுக்குப் பழக்கம் வேண்டுமானால் பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ் இருக்கிறது, அதற்கும் காசு இல்லை.

கடைசிக் குழப்பம்: டிட் வந்துவிட்டால் இறந்த காலத்தை அதுவே சொல்லிவிடுகிறது, பின்னால் வரும் வினையை மாற்றக் கூடாது. ‘வி டிட் நாட் ரிசீவ் யுவர் பேமெண்ட்’ என்று எழுதி, இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.