தாத்தா போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிக்கலாமா?

இந்த தடவை வந்த கேள்விங்க எல்லாமே மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் சுத்துவட்டார ரப்பர் தோட்டத்து குடும்பங்கள்லேர்ந்துதான், பழைய போட்டோ, பழைய காயிதம், இதையெல்லாம் எப்படி கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கிறதுன்னு.

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் ஜோடியா நிக்கிற ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோ இருக்கு. தோட்டத்து வீட்ல சாமி மேடைக்கு மேல மாட்டியிருந்தது. இப்ப தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு கொண்டாந்து பிரேமை கழட்டுனா போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, பின்னால பூசணம் வேற. தண்ணியில ஊற வச்சா கழண்டுரும்னு என் மச்சான் சொல்றாரு. செய்யலாமா?

பதில்: மச்சானுக்கு ஒரு டீ போட்டு குடுத்து அந்தப் பக்கம் உக்கார வைங்கக்கா. போட்டோவுல படம் நிக்கிறதே மேல இருக்குற ஜெலட்டின் பூச்சுலதான், நம்ம ஊரு ஈரத்துக்கு அது இளகி கண்ணாடிய பிடிச்சிக்கும், இழுத்தீங்கன்னா தாத்தா முகம் கண்ணாடியில, வெறும் காயிதம் உங்க கையில. ஊற வச்சு எடுக்குறதெல்லாம் அதுக்குன்னே படிச்சவங்க வேலை, அவங்களே ரெண்டு தடவை யோசிப்பாங்க.

கண்ணாடியோடவே பிரதி எடுங்க. வெளிப்பக்கத்தை மட்டும் லேசா ஈரம் பண்ணுன துணியால தொடச்சு, காய விட்டு ஸ்கேனர்ல கவுத்து வைங்க. ஒண்ணு சொல்லிடறேன், இப்ப மலிவா விக்கிற மெல்லிசான ஸ்கேனர் பலதும் தன் மேல ஒட்டி இருக்குறதைத்தான் தெளிவா பாக்கும், நடுவுல இன்னொரு கண்ணாடி வந்தா படம் மங்கிடும். அப்படி மங்குச்சுன்னா போனே போதும். ஜன்னலோரமா மேசையில படத்தை படுக்க வச்சு, வெளிச்சம் சைடுலேர்ந்து விழுற மாதிரி திருப்பி, பிளாஷை அணைச்சிருங்க. ஒரு கருப்பு அட்டையில போன் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு அது வழியா எடுங்க, இல்லன்னா பாட்டி புடவை மேல உங்க முகமும் சீலிங் பேனும்தான் தெரியும்.

பூசணத்தை வீட்டுக்கு வெளியே வச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு, காஞ்ச மெத்துன்னு இருக்குற பிரஷால தட்டி விடுங்க, ஈரத்துணி வேணாம். காத்துல ஈரம் 65 சதவீதத்துக்கு மேல நின்னா பூசணத்துக்கு கொண்டாட்டம், நம்ம ஊர்ல அது இல்லாத நாள் எது? அதனால ஒரிஜினலை திரும்ப சுவத்துல மாட்டாம, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி டப்பாவுல வைங்க. சுவத்துக்கு பிரதி போதும்.

பிரேம் அட்டைய கழட்டுனப்போ போட்டோவோட முதுகையும் ஒரு படம் எடுத்தீங்களா? இதுதான் எல்லாரும் விட்டுடறது. ஸ்டூடியோ முத்திரை, பென்சில்ல கிறுக்குன தேதி, தோட்டத்து பேரு, எல்லாம் அங்கதான் இருக்கும். சொந்தமா நிலம், பத்திரம்னு இல்லாம தோட்டத்துலயே காலம் போன குடும்பங்களுக்கு அந்த முதுகுல இருக்குற ஒரு வரிதான் பத்திரம்.

கேள்வி: ரெண்டு பிஸ்கட் டின் நிறைய போட்டோ இருக்கு சார். எதுலேர்ந்து ஆரம்பிக்கறது, எத்தனை டிபிஐ வைக்கணும்?

பதில்: எல்லாரும் ஆகப் பழசுலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க தம்பி, நீங்க கலர் படத்துலேர்ந்து ஆரம்பிங்க. கருப்பு வெள்ளை படம் வெள்ளியில நிக்குது, ஓரளவு தாங்கும். 70, 80கள்ல எடுத்த கலர் படம் வெறும் சாயம், இருட்டு அலமாரியில பத்திரமா இருந்தாலும் வெளுக்கும், அதான் அப்பா அம்மா கல்யாண படம் மொத்தமும் செவந்து தெரியுது.

டிபிஐன்னா ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளின்னு கணக்கு, போஸ்ட்கார்டு அளவு படத்துக்கு 600 வைங்க. ஐசிக்கு, அதான் அடையாள அட்டைக்கு, எடுத்த சின்ன படம்னா 1200 வைங்க, அஞ்சுக்கு ஏழு அங்குலம் வரைக்கும் பெருசாக்கி மாட்டலாம். முதல் பிரதிய தரம் குறையாத டிஃப் (TIFF) பைலா சேமிச்சிட்டு, சொந்தக்காரங்களுக்கு அனுப்ப சின்ன ஜேபெக் (JPEG) பைல் எடுத்துக்கோங்க. வாட்சப்ல படமா அனுப்புனா அது சுருக்கிப்புடும், டாக்குமெண்டா அனுப்புங்க. பசை பூசுன அட்டை மேல பிளாஸ்டிக் தாள் மூடியிருக்குற ஆல்பம்னா முதல்ல பக்கத்தோட ஸ்கேன் பண்ணிடுங்க, அப்புறம் பல்லு சுத்தம் பண்ற நூலை போட்டோவுக்கு அடியில விட்டு மெதுவா அறுக்குற மாதிரி இழுங்க, வரலன்னா அப்படியே விட்டுருங்க.

கேள்வி: பாட்டியோட சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு குடுக்குறது), கப்பல் டிக்கெட்டு, தாத்தாவோட செக்ரோல் (தோட்டத்து ஆள் வருகைப் பதிவு) துண்டு எல்லாம் இருக்கு. லேமினேட் பண்ணிட்டு முகநூல்ல போடலாம்னு இருக்கோம்.

பதில்: லேமினேட் வேணவே வேணாம். சூட்டுல உருகுன பசை காயிதத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறை வாங்கி அதுல போடுங்க, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பிவிசி உறை ஆகாது.

இந்த காயிதங்கள்ல வருஷம் அழிஞ்சிருந்தாலும் பேரை வச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம். துறைமுகம் பேரு போர்ட் சுவெட்டன்ஹாம்னு இருந்தா 1972க்கு முந்தினது, அந்த வருஷம்தான் அது போர்ட் கிள்ளான் ஆச்சு. இந்தியாவுலேர்ந்து நம்மாளுங்க வந்த ராஜுலா கப்பல்னா 1926க்கு முன்னால போகாது, கப்பலே அந்த வருஷம்தான் கட்டுனாங்க. ஐசியோ, நம்ம ஊரு சம்பந்தப்பட்ட கதை. 1948 ஜூன் 16ல சுங்கை சிப்புட் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைமாரை கம்யூனிஸ்ட்டுங்க சுட்டாங்க, பிரிட்டிஷ் அரசாங்கம் அவசரகாலம் கொண்டு வந்துச்சு, அதே வருஷம் ஐசி பதிவும் ஆரம்பிச்சாங்க. ஆக பாட்டி ஐசியில இருக்குற படம் அதுக்கு அப்புறம் எடுத்ததுதான்.

முகநூல்ல போடுறதுன்னா நம்பரை மறைச்சிட்டு போடுங்க. இப்ப இருக்குற ஐசி நம்பர்ல முதல் ஆறு இலக்கமே பொறந்த தேதி, எவனாவது எதுக்காவது எடுத்துக்குவான்.

கேள்வி: என் மகள் ஏஐ வச்சு பாட்டி படத்துக்கு கலர் குடுத்துட்டா. அழகாத்தான் இருக்கு, ஆனா பாட்டி மாதிரி இல்லையே?

பதில்: மெஷின் ஊகிச்ச கலரும்மா அது, சில சமயம் மூக்கு, கண்ணையும் அதுவே திருத்திடும். ஆசைக்கு ஒரு பிரதி இருக்கட்டும், பைல் பேர்லயே "கலர் போட்டது"ன்னு எழுதிடுங்க, ஒரிஜினல் ஸ்கேனை தொட விடாதீங்க.

கேள்வி: தோட்டத்து குரூப் போட்டோவுல நாலு முனியம்மா இருக்காங்க. யாரு யாருன்னு எப்படி எழுதறது?

பதில்: தோட்டத்துல கூப்பிட்ட மாதிரியே எழுதுங்க, "ரெண்டாம் டிவிஷன் ஆயாக்கொட்டாய் முனியம்மா, இடமிருந்து மூணாவது" (டிவிஷன்னா தோட்டத்தோட ஒரு பிரிவு, ஆயாக்கொட்டாய்னா பிள்ளைங்களை பாத்துக்குற இடம்). தோட்டத்து பேரோட டிவிஷனும் வரணும், ஏன்னா அந்த தோட்டமே இப்ப தாமானா மாறியிருக்கும், வெறும் ஊர் பேரு போட்டா உங்க பேரனுக்கு ஒண்ணும் புரியாது. பெரியவங்ககிட்ட "இது யாரு"ன்னு மட்டும் கேட்டா தெரியலன்னு முடிச்சிருவாங்க. படத்தை போன்ல பெருசாக்கி காட்டி, இவங்க எந்த மண்டோர் (வேலை மேற்பார்க்குறவர்) கீழ ரப்பர் பால் வெட்டுனாங்க, வீடு எந்த வரிசையில இருந்துச்சுன்னு கேளுங்க, கேக்கும்போதே ரெக்கார்டை போட்டுருங்க. போட்டோ முதுகுல எழுதறதா இருந்தா மெத்துன்னு பென்சில்தான், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் தடம் விட்டுரும்.

கேள்வி: எல்லாத்தையும் பெண்டிரைவ்ல போட்டாச்சு. போதும்தானே?

பதில்: போதாதுங்கய்யா. ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, இணைய சேமிப்புல ஒண்ணு, வேற ஊர்ல இருக்குற மகன் வீட்ல ஒண்ணு, மொத்தம் மூணு வைங்க, வெள்ளம் வந்தாலும் ஒண்ணாவது மிஞ்சும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. ஸ்கேன் ஆயிடுச்சேன்னு பிஸ்கட் டின்னை தூக்கிப் போட்டுறாதீங்க.