அந்தப் பிள்ளை பாசத்தில் வரவில்லை

கேள்வி: லண்டன் ஹரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் வழங்காது. ஞாபகம் நல்ல தெளிவு. கிழமைக்கு 14 மணித்தியாலப் பராமரிப்புக்குக் கவுன்சில் டிரெக்ட் பேமென்ட் தருகிறது, அதாவது ஆளை நாங்களே வைத்துக்கொள்ளக் காசாகத் தருகிறது. 2025 ஏப்ரலில் இருந்து, மாணவர் விசாவில் வந்து பட்டப்படிப்புப் படிக்கும் 23 வயதுப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். மணிக்குப் பத்துப் பவுண் கையில் கொடுக்கிறேன். வராத நாளுக்கு இல்லை. ஒரு கடையிலும் வேலை செய்கிறாள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேனே தவிர, காசு விஷயம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாமென்பா. பிள்ளை பாசத்தில் வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா. குளிக்க வார்ப்பது மனைவி, வேலையால் வந்த பிறகு. சிக்கனமாக நடத்தி 2,600 பவுண் மிச்சம் பிடித்திருக்கிறேன். இப்போது கவுன்சில் ஒரு வருடக் கணக்குக் கேட்கிறது. பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. எப்படிச் சமாளிப்பது? காசை மனைவிக்கே கொடுத்ததாகக் காட்டலாமா?

பதில்: காட்ட முடியாது. காரணம் பிறகு. பற்றுச்சீட்டு இல்லாத கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்தபடிதான் இருக்கின்றன, அதற்கெல்லாம் வழி உண்டு. உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது வேறு: அந்தப் பிள்ளை பாசத்தில் வருகிறாள் என்று அம்மா நினைக்கிறார்.

பாசத்தில் வந்து போகிற பிள்ளையிடம் "என்னைக் கழுவி விடு" என்று எந்தத் தாய் கேட்பார்? கேட்கமாட்டார். தேத்தண்ணி கேட்பார், ஊர்க்கதை கேட்பார். குளிப்புக்கு மருமகள் வேலையால் வரும்வரை காத்திருப்பார். குளிப்பையே கேட்காதவர் கழிவறைக்குக் கூட்டிப்போகக் கேட்கிறாரா என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா? இப்படிக் கூச்சப்படும் முதியவர்கள் முதலில் குறைப்பது தண்ணீர் குடிப்பதைத்தான். பிறகு சிறுநீர்த் தொற்று, மயக்கம், தனியாக எழும்பப்போய் விழுவது. கவுன்சிலின் பராமரிப்புத் திட்டத்தை எடுத்து வாசியுங்கள். உடல் கழுவுதல் என்று அதில் எழுதியிருந்தால், அதற்கு வந்த காசுக்கு அந்த வேலை நடக்கவே இல்லை.

இங்கிலாந்தின் பராமரிப்புச் சட்டமான 2014 கெயர் அக்ட்டின்படி, தெளிவான அறிவுள்ள ஒருவருக்கு அவர் தானே கேட்டால்தான் டிரெக்ட் பேமென்ட் கிடைக்கும். வாங்கி நடத்த இன்னொருவரை அவர் நியமிக்கலாம். ஆனால் கேட்பவரும் அவர்தான், நியமிப்பவரும் அவர்தான். உங்கள் அம்மாவோ எதில் கையெழுத்து வைத்தோம் என்றே தெரியாமல் இருக்கிறார். தாய்க்குப் பொறுப்பாக இருப்பது கடமை. புத்தி தெளிவாக உள்ள தாயின் உரிமையை அவருக்குத் தெரியாமல் கையில் வைத்துக்கொள்வதைக் கடமை என்று நான் சொல்லமாட்டேன்.

இனிக் கணக்கு. 2025 ஏப்ரலில் இருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண், 2026 ஏப்ரலில் இருந்து 12.71. நீங்கள் கொடுத்தது பத்து. கிழமைக்கு 14 மணித்தியாலத்தில் 30.94 பவுண் குறைகிறது. வருடத்தில் 46 கிழமை வந்திருந்தால் 1,423 பவுண். சம்பளத்தோடு கூடிய விடுமுறை 5.6 கிழமை அவளுக்குச் சட்டப்படி உண்டு, அது 78.4 மணித்தியாலம், 957 பவுண். இரண்டையும் கூட்டுங்கள். உங்கள் சிக்கனத்தில் 2,380 பவுண் அவளுடைய உழைப்பு.

விசா இதைவிடச் சிக்கல். பட்டப்படிப்பு மாணவி தவணைக் காலத்தில் எல்லா வேலையும் சேர்த்துக் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் செய்யலாம். உங்களிடம் 14 போனால் கடைக்கு மிச்சம் ஆறு. கடையில் எத்தனை என்று கேட்டீர்களா? சுயதொழில் என்று காட்டலாம் என யாராவது யோசனை சொல்வார்கள். மாணவர் விசாவில் அதற்கும் அனுமதி இல்லை. வேலை செய்ய உரிமை இல்லாதவரை, அல்லது விசா விதித்த அளவை மீறி, வேலைக்கு வைத்தால் முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை அபராதம் வரலாம். அரசு இணையத்தளத்தில் அவளுடைய ஷெயர் கோடையும் (வேலை செய்யும் உரிமையைக் காட்ட அவள் எடுத்துத் தரும் குறியீடு) பிறந்த திகதியையும் போட்டு, வரும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பல்கலைக்கழகத் தவணைத் திகதிகளை எழுத்தில் வாங்குங்கள். இதை முதல் நாளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். பழையதை இது திருத்தாது, ஆனாலும் இன்றே செய்யுங்கள்.

கவுன்சிலுக்கு என்ன அனுப்புவது? பழைய திகதி போட்டுப் பற்றுச்சீட்டு எழுதி அந்தப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். அசட்டையை மோசடியாக்குவது அந்தக் காகிதம்தான். வங்கிக் கூற்றுகளை உள்ளபடி அனுப்புங்கள். அவள் வந்த நாட்களையும் நேரங்களையும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்து அட்டவணையாக்குங்கள். எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள், எது பாக்கி என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். பாக்கியை அந்த மிச்சத்தில் இருந்து கொடுக்கப்போவதாகச் சொல்லி, பதில் வந்த பிறகே கொடுங்கள். சில கிழமைச் செலவுக்கு மேல் தேங்கும் காசைக் கவுன்சில்கள் வழக்கமாகத் திருப்பி எடுக்கும். சம்பளப் பாக்கி என்று தெரியாவிட்டால் அதையும் சேர்த்து எடுத்துவிடும். காசு உங்கள் சொந்தக் கணக்கில் விழுகிறதென்றால், இதற்கென்றே தனிக் கணக்கு திறவுங்கள், அல்லது கவுன்சில் காசு போட்டுத் தரும் கார்ட்டைக் கேளுங்கள்.

இனிமேல் சம்பளத்தை நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம். டிரெக்ட் பேமென்ட் பெறுவோருக்குச் சம்பளப் பட்டியல் செய்து கொடுக்கும் பேரோல் சேவைகள் உண்டு. அந்தச் செலவையும் முதலாளிக் காப்புறுதியையும் அம்மாவின் பட்ஜெட்டில் சேர்க்கக் கேளுங்கள். புதிய வீதத்தில் கிழமைச் சம்பளம் 177.94 பவுண். அதனால் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியில் முதலாளியாகப் பதிய வேண்டும். முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதிக்குப் பயப்படத் தேவையில்லை: வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவருக்குக் கிடைக்காத எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற கழிவு, பராமரிப்பாளரை வைப்பவருக்குக் கிடைக்கும். வருடச் சம்பளம் 10,000 பவுணுக்குக் கீழே நிற்பதால் பென்ஷனில் அவளைத் தானாகச் சேர்க்க வேண்டியதில்லை. அவள் கேட்டால் சேர்க்க வேண்டும். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பதும், சம்பளச் சீட்டும் கட்டாயம். இவ்வளவு பாரம் வேண்டாமென்றால் இதே காசில் ஏஜென்சி ஆளை எடுக்கலாம், மணித்தியாலம் குறையும்.

மனைவி விஷயம். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்குப் பராமரிப்புச் சம்பளம் கொடுக்க, அது அவசியம் என்று கவுன்சில் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். நடந்ததற்குப் பின்னால் அவர் பெயரை எழுத இடமில்லை. உங்கள் வீட்டில் மகன் காசைப் பார்க்கிறார், மருமகள் உடம்பைப் பார்க்கிறார். இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படவில்லை. பராமரிப்பவர் என்ற முறையில் தன் தேவைகளுக்கென்று ஒரு மதிப்பீடு கவுன்சிலிடம் கேட்க உங்கள் மனைவிக்கு அதே கெயர் அக்ட்டில் உரிமை உண்டு. கேட்கச் சொல்லுங்கள். அதுவரை இரவில் அம்மாவுக்குத் துணையாக எழும்புவது நீங்கள்.

கவுன்சிலுக்கு எழுத முன்பு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்: இது உங்கள் காசு, அவள் உங்களிடம் வேலை செய்பவள், இத்தனை நாள் மறைத்தேன். கோபிப்பார், கோபிக்கட்டும். குளிப்பு எத்தனை மணிக்கு, யார் கையால், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதா, இந்தப் பிள்ளையே தொடர்வதா என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காசை நடத்த உங்களை நியமிக்கிறாரா என்றும் கேளுங்கள். தங்கையையோ வேறு யாரையோ சொன்னால், கவுன்சிலுக்குப் போகும் கடிதத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள்.