ஃபிரான்சியத்துக்கு விலை உண்டா?

கேள்வி: ஃபிரான்சியம் என்ற கதிரியக்கத் தனிமம் பூமி முழுவதிலும் 30 கிராம்தான் இருக்கிறதாம், ஒரு கிராமின் விலை பல கோடி டாலராம். உண்மையா?

பதில்: 30 கிராம் என்பது மதிப்பீடு, யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனால் விலை என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ‘உலகின் விலை உயர்ந்த பொருள்கள்’ என்று ஆண்டுதோறும் உலா வரும் பட்டியல்களை இந்தப் பக்கத்தில் முன்பும் கண்டித்திருக்கிறேன். விற்கச் சரக்கு இருந்தால்தானே விலை பேச முடியும்? அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியால் பிடித்து நிறுத்திய ஃபிரான்சியமே சுமார் 3,00,000 அணுக்கள்தான். எந்தத் தராசிலும் அது நிற்காது.

இயற்கையில் கிடைக்கும் ஃபிரான்சியம்-223இன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 22 நிமிடம். அப்படியும் அது அற்றுப்போகாததற்குக் காரணம், யுரேனியம்-235 படிப்படியாகச் சிதைந்து ஆக்டினியம்-227 ஆவதும், அந்த ஆக்டினிய அணுக்களில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலானவை ஆல்பா துகளை உமிழ்ந்து ஃபிரான்சியமாவதும்தான். ஆகவே அந்த 30 கிராம் எங்கோ ஒரு சுரங்கத்தில் குவிந்து கிடப்பதன்று. ஓட்டைக் குடத்தில் ஊற்ற ஊற்ற நிற்கும் தண்ணீரைப் போல, உலகெங்கும் யுரேனியத் தாதுக்களில் தோன்றுவதற்கும் மறைவதற்கும் இடைப்பட்ட இருப்பு அது.

விலைப்பட்டியல் போடுகிறவர்கள் ஒருமுறையேனும் அதைக் கண்டுபிடித்த மார்கரித் பெரே என்ற பெயரை அச்சிட்டிருக்கிறார்களா? பேராசிரியர்களை மட்டும் கொண்டாடி, ஆய்வுக்கூட உதவியாளர்களை மறந்துவிடும் நம் அறிவியல் எழுத்தின் மீது எனக்குள்ள தீராத கோபத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. பாரிசில் மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் 1929இல் உதவியாளராகச் சேர்ந்த பெரேவுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆக்டினியத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்துவதே அவர் வேலை. தூய்மைப்படுத்திய ஆக்டினியத்தில் சற்று நேரத்திலேயே அதன் சிதைவுப் பொருள்கள் சேர்ந்து அளவீட்டைக் குழப்பிவிடும் என்பதால், அதற்கு முன் அளந்து முடிக்கும் கைவேகம் வேண்டும். அந்த வேகம் அவரிடம் இருந்தது. 1939இல், சுமார் 21 நிமிட அரை ஆயுள் கொண்ட ஒரு புதிய பீட்டா கதிர்வீச்சை அவர் கண்டார். கார உலோகமான (சோடியம், பொட்டாசியம் வகையைச் சேர்ந்த) சீசியத்தின் உப்பைச் சேர்த்துப் படிகமாக்கியபோது அந்தக் கதிர்வீச்சும் படிகத்தோடு சேர்ந்தே இறங்கியதால், அதுவும் அதே கார உலோகக் குடும்பத்தைச் சேர்ந்த 87ஆம் தனிமம், அதாவது இன்றைய ஃபிரான்சியம், என்று உறுதிசெய்தார். அதற்கு முன் ‘வர்ஜீனியம்’ என்றும் ‘மால்டேவியம்’ என்றும் பெயர் சூட்டி, தனிம வரிசையின் அந்த 87ஆம் இடத்துக்கு உரிமை கோரியவர்கள் பெரிய விஞ்ஞானிகள். அவர்களுடைய கோரிக்கைகள் நிலைக்கவில்லை.

1911இல் மேரி கியூரியைத் தேர்ந்தெடுக்க மறுத்த பிரெஞ்சு அறிவியல் கழகம், 1962இல் பெரேவைத் தன் முதல் பெண் தொடர்பு உறுப்பினராக (முழு உறுப்புரிமைக்கு ஒரு படி கீழே) ஏற்றது. அப்போதே அவர் உடல் கதிரியக்கத்தால் நலிந்திருந்தது. 1975இல் புற்றுநோயால் இறந்தார்.