எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? அசையக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அன்றாடம் வருவது. சி.டி. சட்டென்று முடிந்துவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் அரை மணி நேரம் என்பார்கள்.

உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையைத்தான் கருவி பதிவு செய்கிறது. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் அதன் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய, கிரேடியன்ட் காயில்கள் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றுகின்றன. காதை அடைக்கும் அந்தத் தடதட சத்தம் இவற்றுடையதே. பழைய முறையில் ஒரு தூண்டலுக்கு, அதாவது அணுக்கருக்களைத் தூண்டும் ஒரு ரேடியோ துடிப்புக்கு, ஒரு வரிசைத் தரவுதான் கிடைக்கும். 256 வரிசை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 நொடி இடைவெளி என்றால் எட்டரை நிமிடம் போய்விடும்.

இந்த வரிசைகள் சேரும் இடம் கே-ஸ்பேஸ். அதைத் திரையில் பார்த்தால் மூளையும் தெரியாது, முதுகெலும்பும் தெரியாது. நடுவில் பளிச்சென்ற ஒளி, ஓரத்தில் மங்கலான புள்ளிகள், அவ்வளவுதான். நடு வரிசைகளை நீக்கினால் வெறும் விளிம்புக் கோடுகள் மிஞ்சும். ஓர வரிசைகளை நீக்கினால் படம் கலங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் முழுப் படத்தின் பங்கும் இருக்கிறது. அதனால்தான் கழுத்து ஸ்கேனில் ஒருமுறை எச்சில் விழுங்கினாலும் அந்த அசைவின் நிழல், படம் முழுக்கப் பரவுகிறது.

1973இல் அமெரிக்க வேதியியலாளர் லாட்டர்பர், சி.டி.யைப் போலப் பல கோணங்களில் எடுத்துத்தான் படத்தை உருவாக்கினார். வரிசைகளாகச் சேர்ந்த தரவைக் கணிதத்தால் படமாக்கும் ஃபூரியே உருமாற்ற வழியை 1975இல் காட்டியவர்கள் அனில் குமார், வெல்ட்டி, எர்ன்ஸ்ட். அனில் குமார் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இங்கே அவர் பெயர் போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது ஒரே தூண்டலில் 16 வரிசை எடுத்தால் அந்த எட்டரை நிமிடம் அரை நிமிடமாகிறது. 1999இல் வந்த சென்ஸ், 2002இல் வந்த கிராப்பா ஆகிய முறைகள் சமிக்ஞையை வாங்கும் பல காயில்களின் பார்வை வேறுபாட்டைக் கொண்டு விடுபட்ட வரிசைகளை ஈடுசெய்கின்றன. ஆனால் தரவைப் பாதியாக்கினால் இரைச்சல் கூடும். பிட்யூட்டரி போன்ற சிறிய உறுப்புக்கு நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. தவிர, டி1, டி2 என்று பல வகைப் படங்களைப் பல திசைகளில் எடுக்க வேண்டியிருப்பதால்தான் மொத்த நேரம் நீள்கிறது.

இருமல் வந்தால் சத்தம் நிற்கும் இடைவெளியில் இருமிக்கொள்ளுங்கள். அதுவரை அடக்க முடியாவிட்டால் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் குமிழை அழுத்துங்கள். அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தொடரை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்வோம்.